ஆறாவது கம்பளி

“அதத்தான நேத்துலருந்து சொல்லிகினு கெடக்கறன். அஞ்சு போதும் மாமா. அந்த ஆறாவத எடுத்து உள்ள போட்டுடு.”

“ஆறுன்னு வாக்குக் குடுத்தாச்சி. முதலாளி ஆறு பாக்கலாம்னுதான் தொரைய இட்டுகினு வராரு. அஞ்ச விரிச்சா, மிச்சம் ஒண்ணு எங்கடான்னு கேக்க மாட்டாரா?”

“மயிரு பத்தலன்னு சொல்லு.”

“மயிரு பத்தலன்னு சொல்றவனுக்கு எவன் மில்லுல வேல குடுப்பான்? கொஞ்சம் யோசிச்சிப் பேசுமே.”

வெள்ளையம்மா களிப்பானையை இரண்டு கட்டைகளுக்கு நடுவில் இடுக்கி நிறுத்தி, துடுப்பைப் போட்டுக் கிளறினாள். வெளியே மார்கழிப் பனி கொட்டாய்க் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. புருஷன் ஆஞ்சப்பன் அடுப்புக்குப் பக்கத்தில் குந்தி, முழங்கால் இரண்டையும் தேய்த்துவிட்டுக்கொண்டான். இருபது வருஷம் தறிக்குழிக்குள் கால் தொங்கவிட்ட முழங்கால். மழைக்கும் பனிக்கும் அது தனியாக அழும்.

குரிக்கொட்டாய் தளியிலிருந்து மூன்று மைல். இருபது வீடு, இருபதும் ஆட்டுக்காரர் வீடு. வீட்டுக்குள்ளே கன்னடம், சந்தையில் தமிழ், ஆட்டிடம் இரண்டும் இல்லாத ஒரு பேச்சு. தையில் ஒரு தரம், ஆடியில் ஒரு தரம் செம்மறிக்கு ரோமம் கத்திரிப்பார்கள். பொம்பளைகள் நூற்பார்கள், ஆம்பளைகள் நெய்வார்கள். இரண்டு வருஷமாக மழை ஏமாற்றியதில் ஆஞ்சப்பன் பட்டியில் அறுபது உருப்படி இருந்தது இருபத்திரண்டாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் ஓசூரில் இருக்கும் சின்னக் கம்பளி மில்லில் கைத்தறி இரண்டு போடப்போகிறார்கள், மாதச் சம்பளத்துக்கு ஒரு நெசவாளி வேண்டும் என்று ஆஞ்சப்பனின் தம்பி நாராயணப்பன் சேதி கொண்டுவந்தான். அவன் அங்கே மிஷினுக்கு ரோமம் தள்ளுகிற வேலையில் இருந்தான். எட்டாவது வரைக்கும் படித்தவன், இங்கிலீஷ் பேசுவான்.

“சீமையிலருந்து ஒரு தொரை வந்திருக்காருண்ணா. அயர்லாந்துன்னு ஒரு ஊரு. அவங்க ஊட்லயே தறி இருக்குதாம். எந்தக் கம்பளி நல்லாருக்குன்னு அவரு சொல்றாரோ, அந்தக் கைக்குத்தான் வேல. ஆறு நெய்ஞ்சி வெய்யி.”

சொன்னது கார்த்திகைக் கடைசியில். தைக் கத்திரிப்புக்கு இன்னும் ஒன்றரை மாசம். இருந்த ரோமத்தில் ஐந்து கம்பளி தேறியது. ஆறாவதுக்கு நீளவாக்கில் பாவு போட்டாகிவிட்டது, குறுக்கே ஓட்டும் ஊடைக்கு நூல் இல்லை. குளிரில் உயிராட்டைக் கத்திரித்தால் விறைத்துச் செத்துப்போகும்.

அந்த வாரத்தில்தான் ஒரு விடியற்காலம் பட்டியில் மூன்று குட்டிகள் செத்துக்கிடந்தன. ஆடியில் சின்னதென்று விட்டுவைத்த குட்டிகள், இன்னும் கத்தரியே படாத முதல் ரோமம். ராத்திரி நன்றாக அசை போட்டுக்கொண்டிருந்தவை. மூக்கிலும் பின்னாலும் கறுத்த ரத்தம். வயிறு ஊதிக்கிடந்தது.

ஆட்டுக்காரர்களுக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடைப்பான். அடைப்பானில் செத்த ஆட்டுக்குக் கத்தி படக்கூடாது, கத்தரி படக்கூடாது. தோலோடும் ரோமத்தோடும் ஆளுயரக் குழியில் இறக்கி, சுண்ணாம்பு கொட்டி, மேலே முள் வெட்டிப்போட வேண்டும். குரிக்கொட்டாயில் எவ்வளவு இல்லாதவனும் அதை மீறியதில்லை. ஒரே ஒருத்தர் மீறினார். ஆஞ்சப்பனின் அப்பா. பஞ்ச காலத்தில் ஒரு தோலுக்கு ஆசைப்பட்டு உரித்தார். கழுத்தில் ஒரு கறுத்த கொப்புளம் வந்தது. ஆறாம் நாள் அவரையும் இறக்கினார்கள்.

அந்த அப்பாவுக்குப் பிறந்தவன்தான் அன்றைக்குக் கத்தரியை எடுத்தான்.

“மாமா, அது ஆவாது. வுட்டுடு.”

“எங்கப்பன் தோலு உரிச்சாரு. கத்தி ரத்தத்துல பட்டுச்சி. இது மயிரு. மயிருல ரத்தம் ஏது?”

“அந்த மயிரு எங்கிருந்து மொளச்சிது?”

“சுடுதண்ணில போடு. சாம்பத்தண்ணில ரெண்டு தரம் அலசு. வெயில்ல காயவெய்யி. என்னா இருந்தாலும் பூடும்.”

அவள் அலசினாள். ஒன்றுக்கு மூன்று தரம் அலசினாள். கை தோல் உரிகிற சூட்டில் அலசினாள். பிறகு நூற்றாள். அவன் முழங்காலைப் பார்த்தாள், இருபத்திரண்டு ஆட்டில் மூன்று போனதைப் பார்த்தாள், ராட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். நூல் வெண்ணெய் மாதிரி வந்தது. முதல் ரோமம் அப்படித்தான் வரும்.

*

ஜீப் வந்தபோது பனி விலகியிருக்கவில்லை. முதலாளி முன்னால் இறங்கினார், கழுத்தில் மப்ளர். பின்னால் துரை. அவருடைய தலைமுடியைப் பார்த்துக் கொட்டாய்ப் பொம்பளைகள் சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

“என்னாடி இது, செம்மண்ணுல பொரண்ட கெடா மாதிரி,” என்றாள் பக்கத்து வீட்டு சாந்தம்மா. “கத்திரிச்சா ஒரு குல்லா தேறும்.”

“உம் புருசனுக்கு மொட்டத் தலைதான, கேட்டு வாங்கிக் குடு.”

துரை சிரித்தார். என்ன சொன்னார்கள் என்று நாராயணப்பனைக் கேட்டார். அவன் வேறு எதையோ சொல்லி வைத்தான்.

பேர் டோலன். வயது நாற்பதுக்குள். வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. தெருவில் சாந்தம்மா வீட்டுப் பாவு நீட்டியிருந்தது. புளியங்கொட்டைக் கஞ்சி தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் விரலை விட்டு மோந்து பார்த்தார். எந்தக் கொட்டை, எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும் என்று கேட்டார். அப்புறம் ஆஞ்சப்பனின் தறிக்குழியில் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். கால் நீளம். முட்டி நெஞ்சைத் தொட்டது. ஊடை நூல் ஓட்டும் நாடாவை வாங்கி இடக்கையால் எறிந்தார். நூல் ஒரு இடத்திலும் அறவில்லை.

“தொழில்காரன்பா இவன்,” என்றான் ஆஞ்சப்பன், தன்னை மறந்து.

வெள்ளையம்மா அவருக்கு அவரைக்கொட்டைச் சாறும் களியும் வைத்தாள். களியை எப்படி விழுங்குவது என்று நாராயணப்பன் காட்டிக்கொடுத்தான். அவர் மென்றுவிட்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டே அவர் கேட்டார், நாராயணப்பன் தமிழில் சொன்னான்.

“வருசத்துக்கு எத்தன தரம் கத்திரிப்பீங்கன்னு கேக்கறாருண்ணா.”

“ரெண்டு தரம்னு சொல்லு.”

“அவங்க ஊர்ல ஒரே தரம்தானாம். ஜூன் மாசம். நம்ம ஆனி. மத்த மாசமெல்லாம் ஆட்டுமேலயே வுட்டுடுவாங்களாம், அவ்வளவு குளிராம்.”

பிறகு கம்பளிகளை விரித்தார்கள். ஆறையும். வெள்ளையம்மா சுவரோரம் நின்றாள். துரை கண்ணை மூடிக்கொண்டார். ஒவ்வொன்றாக உள்ளங்கையை வைத்துத் தடவினார். ஒன்று, இரண்டு என்று தாண்டிப் போனார். ஆறாவதில் கை நின்றது. அதைத் தூக்கி முகத்தில் வைத்துக்கொண்டார். அவள் வாயைத் திறந்தாள். ஆஞ்சப்பன் அவளைப் பார்த்தான். மிரட்டுகிற பார்வை இல்லை. கும்பிடுகிற பார்வை.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

“இந்த ஆட்ட நான் பாக்கணும்னு சொல்றாரு,” என்றான் நாராயணப்பன்.

ஆஞ்சப்பன் மிச்ச ஐந்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினான்.

“மேச்சலுக்குப் போயிருக்குதுன்னு சொல்லு,” என்றான் ஆஞ்சப்பன். “ஆனேக்கல் பக்கம்.”

துரை தலையாட்டினார். அந்தக் கம்பளியைத் தானே மடித்து முழங்கையில் போட்டுக்கொண்டார். வெள்ளையம்மாவிடம் வந்து நேராக அவளைப் பார்த்து ஏதோ சொன்னார்.

“அவங்கம்மாவுக்காம் அண்ணி. எழுவத்தி நாலு வயசாம். அடுப்புக்கிட்டயே ஒக்காந்திருப்பாங்களாம், குளிரு போறதே இல்லியாம். அவங்களும் ஒன்ன மாதிரி நூல் நூத்தவங்களாம். இத அவங்க தோள்ல போடணும்னு சொல்றாரு.”

முதலாளி மப்ளரைச் சரிபண்ணிக்கொண்டு, “தை ஒண்ணாந்தேதி வந்து சேந்துக்கப்பா,” என்றார் ஆஞ்சப்பனிடம். ஜீப் கிளம்பியது. அன்று ஆஞ்சப்பன் இரண்டு உருண்டை களி கூடச் சாப்பிட்டான்.

*

மூன்றாம் நாள் வெள்ளையம்மாவின் இடது முன்னங்கையில் அரித்தது. நூல் உரசுகிற இடம். கொசுக்கடி மாதிரி ஒரு தடிப்பு. மறுநாள் நீர் கோத்தது. அதற்கு மறுநாள் நடுவில் கறுத்து, கருகின புளியங்கொட்டை அளவுக்கு அமுங்கிவிட்டது. சுற்றிலும் வீக்கம். வலியே இல்லை. விரலால் அழுத்திப் பார்த்தாள், அப்போதும் வலி இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. மாமனாருக்கும் வலிக்கவில்லை என்பது கொட்டாய்க்கே தெரியும்.

பட்டியில் அதற்குள் இன்னும் நான்கு போயிருந்தன. இந்தத் தடவை ஆஞ்சப்பன் கத்தரி பக்கம் போகவில்லை. குழி வெட்டிவிட்டு வந்தவனிடம் கையைக் காட்டினாள்.

அவன் ரொம்ப நேரம் பார்த்தான். “கஞ்சி சுட்டிருக்கும்,” என்றான்.

“நான் கஞ்சி தொட்டு ஒரு வாரம் ஆவுது.”

“மஞ்சளு வெச்சிக் கட்டு.”

“மாமா, என் கைய வுடு. அந்தக் கெழவி தோள நெனச்சிப் பாரு.”

“எந்தக் கெழவி?”

“தொரையோட அம்மா. அதப் போத்திகினு அடுப்புக்கிட்ட ஒக்காந்துகினு இருப்பாங்க. கழுத்துல ஒரசும். நான் போயி அதத் திருப்பி வாங்கிகினு வரன்.”

ஆஞ்சப்பன் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தான். அது சரிந்து விழுந்தது. எடுக்கவில்லை.

“நீ போயி என்னான்னு சொல்வ? அடைப்பான் ஆட்டு மயிரு தொரைன்னு சொல்வியா? என் வேல போவும். போவட்டும். தம்பி வேலயும் போவும். நம்ம கொட்டாய் மயிர எவனும் இனிமே தொட மாட்டான். இருவது ஊடு, வெள்ளையம்மா. இருவது ஊட்டு ஜனமும் நம்ம வாசல்ல வந்து மண்ண வாரித் தூத்தும்.”

“தூத்தட்டும்.”

“ஒரு நாள் பொறு.”

“உங்கப்பாவுக்கு ஆறு நாளுதான் இருந்துச்சி.”

அவன் பட்டிக்குப் போய்விட்டான். அவள் மிச்சம் இருந்த நூலையும் ரோமத்தையும் ஒன்று விடாமல் வாரிக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினாள். மயிர் கருகும் நாற்றம் கொட்டாய் முழுக்கப் பரவியது. என்ன எரிக்கிறாய் என்று சாந்தம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். பூச்சி விழுந்தது என்றாள். மறுநாள் காலை தளிக்கு நடந்து போய் ஓசூர் பஸ்ஸில் ஏறினாள்.

*

மில் என்று சொன்னால் நீங்கள் பெரிதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. தகரக்கூரை போட்ட ஒரே கொட்டகை. உள்ளே நாலு மிஷின். எண்ணெய் நாற்றமும் ஆட்டு நாற்றமும் கலந்து மூக்கை அடைக்கும். காற்றில் ரோமத்தூள் பறந்து ஜன்னல் வெளிச்சத்தில் மழை மாதிரித் தெரியும். நாராயணப்பன் பல்லுச்சக்கரம் வைத்த மிஷினுக்கு முன்னால் நின்று இரண்டு கையாலும் ரோமத்தை அள்ளித் தள்ளிக்கொண்டிருந்தான். தலை, புருவம் எல்லாம் சாம்பல் பூத்து, கிழவன் மாதிரி இருந்தான்.

“அண்ணி? என்னா இந்நேரத்துல?”

அவள் சொன்னாள். சத்தத்தில் அவனுக்குப் பாதி கேட்கவில்லை. வெளியே இழுத்துவந்து மறுபடி முதலிலிருந்து சொன்னாள். கையைக் காட்டினாள். முகத்தில் இருந்த தூளுக்குக் கீழே அவன் வெளுத்துப்போனது தெரிந்தது.

“அண்ணன் இதப் பண்ணுச்சா?”

“நானுந்தான் நூத்தன். தொரை எங்க?”

“தொரை போயி மூணு நாளாச்சி அண்ணி. பம்பாய்ல கப்பலேறி இருப்பாரு.”

அவள் அங்கேயே கீழே உட்கார்ந்துவிட்டாள். காய்ச்சல் நெருப்பாகச் சுட்டது. நாராயணப்பன் அவளைத் தூக்கி நிறுத்தி, “முதல்ல ஆஸ்பத்திரி,” என்றான்.

“முதல்ல முதலாளிகிட்ட சொல்லு.”

“முதலாளிகிட்ட சொன்னா இருக்கற மயிரு எல்லாத்தயும் எரிச்சிட்டு கேட்டப் பூட்டுவாரு. நாப்பது பேரு உள்ள இருக்கறோம். கம்பளி போயிடுச்சி. இனிமே அவருகிட்ட சொல்லி ஆவறது என்னா?”

“அப்ப தொரைக்கு லெட்டரு எழுது.”

“ஆஸ்பத்திரிக்கு வா, அப்புறமா எழுதறன்.”

“எழுதினாத்தான் வருவன்.”

அவன் அவளைப் பார்த்தான். தலையிலிருந்து தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு போஸ்டாபீசுக்கு நடந்தான். துரை கொடுத்திருந்த அட்டை அவன் சட்டைப்பையில் இருந்தது. விலாசம் அதில் இருந்தது. நீலத் தாள் ஒன்று வாங்கி மரப்பலகைமேல் வைத்தான்.

“இது ஏரோப்ளேன்ல போவும் அண்ணி. தொரை கப்பல்ல போறாரு. அவருக்கு முந்தியே ஊட்டுக்குப் போயி ஒக்காந்திருக்கும். சொல்லு.”

அவள் பலகையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். “ஐயா தொரை, உங்கம்மாவுக்கு அந்தக் கம்பளியப் போத்தாத. அது செத்த ஆட்டு மயிரு. மேச்சலுக்குப் போவல, எங்க கொல்லையிலதான் பொதச்சிருக்குது. நோவுல செத்துச்சி. என் கையில வந்துடுச்சி. அதக் கையால தொடாம குச்சியால எடுத்து எரிச்சிடு. எரிக்கறப்ப பொகையில நிக்காத. தப்பு எங்களுது. வேற ஒண்ணு நல்லதா நெய்ஞ்சி அனுப்பறன்.” கொஞ்சம் நிறுத்தி, “அவங்களுக்கு ஒடம்பு எப்படி இருக்குதுன்னு ஒரு வரி எழுது,” என்றாள்.

நாராயணப்பன் எழுதினான். நிறுத்தி யோசித்தான், மறுபடி எழுதினான். மடிக்கும்போது அவள் எட்டிப் பார்த்தாள்.

“நான் இவ்வளவு சொன்னன். நீ நாலு வரிதான் எழுதியிருக்க.”

“இங்கிலீசுல சுருக்கமா வரும் அண்ணி.”

எச்சில் தொட்டு ஒட்டி, சிவப்புப் பெட்டியில் போட்டான். உள்ளே விழுந்த சத்தத்தைக் கேட்ட பிறகுதான் அவள் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பினாள்.

டாக்டர் கையைப் பார்த்ததும், “ஆடு செத்துச்சா?” என்றுதான் கேட்டார். பென்சிலின் ஊசி, வேளைக்கு ஒன்று, பத்து நாள். நாராயணப்பன் இரண்டு ராத்திரி வராந்தாவில் படுத்திருந்தான். ஆஞ்சப்பன் மூன்றாம் நாள் வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

*

பிழைத்துக்கொண்டாள். கறுத்தது பொருக்காக உதிர்ந்து, அந்த இடத்துச் சதை சுருங்கி மணிக்கட்டை இழுத்துக்கொண்டது. அந்தக் கையால் நூல் முறுக்க முடியாது. பட்டியில் ஆறு உருப்படி மிஞ்சியது. மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார். ஆஞ்சப்பன் தை பிறந்ததும் மில்லில் சேர்ந்தான். சனிக்கிழமை வருவான், திங்கட்கிழமை போவான். தும்மினால் ரோமத்தூள் வந்தது. வெள்ளையம்மா அடுத்தவர் கொல்லையில் களை பறிக்கப் போனாள். போனவள் வாரத்துக்கு ஒரு தரம் தளி போஸ்டாபீஸ் வாசலில் நின்றுவிட்டு வந்தாள். மாசியும் பங்குனியும் அப்படியே போயின. தறிக்குழிக்குள் கோழி முட்டையிட்டது.

ஐப்பசியில், அடைமழை நாளில், ஆஞ்சப்பன் ஈரத்தோடு வந்து மடியிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் கொடுத்தான்.

“தொரை அனுப்பியிருக்காரு. முதலாளிக்கு வந்த லெட்டர்ல இது இருந்துச்சாம். நூத்தவங்களுக்குக் குடுன்னு எழுதியிருக்காராம். கெழவிக்கு ரொம்பப் புடிச்சிருக்குதாம், தம்பி சொன்னான்.”

அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

கல் சுவர் வைத்த வீடு. வாசலில் ஒரு நாற்காலி. அதில் ஒரு கிழவி, ஒட்டின கன்னம், சிரிப்பு. தோளில் கம்பளி. விளிம்பில் ஆஞ்சப்பன் போடுகிற மூன்று வெள்ளைக் கோடு. கிழவி அதைக் கழுத்து வரைக்கும் இழுத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளையம்மா படத்தைக் கதவண்டை கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தாள். அன்றைக்குச் சாயங்காலம் முழுக்கப் பார்த்தாள். திங்கட்கிழமை ஆஞ்சப்பனோடு அவளும் பஸ் ஏறினாள்.

நாராயணப்பன் அதே மிஷினுக்கு முன்னால் நின்றான்.

“நான் சொன்னத எழுதினியா?”

“எழுதினன் அண்ணி.”

“அப்புறம் ஏன் போத்தியிருக்காங்க?”

“லெட்டரு லேட்டாப் போயிருக்கும். அது போறதுக்கு முந்தி புடிச்ச போட்டோவா இருக்கும்.”

அவள் படத்தை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள். கிழவியின் நாற்காலிக்குப் பின்னால், கல் சுவரை ஒட்டி, நான்கு ஆடுகள் நின்றன. வெள்ளை வெளேரென்று, விலா எலும்பு தெரிய.

“ஆட்டப் பாரு. மொட்டையா நிக்குது. கத்திரிச்சி நாலு நாளு கூட ஆவல, கத்தரி வரி அப்படியே தெரியுது. ஆனியிலதான் கத்திரிப்பாங்கன்னு நீதான சொன்ன? நீ எழுதினது மார்கழி. ஆனிக்கு ஆறு மாசம் ஆவுது நாராயணப்பா.”

அவன் படத்தைப் பார்த்தான். ஆட்டைப் பார்த்தானா கிழவியைப் பார்த்தானா தெரியவில்லை. அப்புறம் குனிந்து இரண்டு கையாலும் ரோமத்தை அள்ளி மிஷின் வாயில் தள்ளினான். பக்கத்தில் புதிதாகப் போட்ட கொட்டகையில் ஆஞ்சப்பனின் தறி அடிக்க ஆரம்பித்திருந்தது.

“நீ சொன்னதத்தான் எழுதினன்,” என்றான், மிஷினைப் பார்த்துக்கொண்டு.

அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனவன் அவன்தான். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த மாசம் அவன் சம்பளத்தில்தான் கேழ்வரகு அவள் வீட்டுக்கு வந்தது. அதையும் அவள் மறக்கவில்லை. படத்தை மடியில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். மழை விட்டிருந்தது. தபால் வழியில் எத்தனையோ காகிதம் தொலைகிறது, இல்லையா. போய்ச் சேர்ந்தும் அந்தத் துரை நம்பாமல் போயிருக்கலாம். ஆனால் அந்தப் பலகைமேல், நின்று நின்று யோசித்து, நாலே நாலு வரியில், அந்த நீலத் தாளில் நாராயணப்பன் என்னதான் எழுதியிருப்பான்? உங்களுக்கு என்ன தோன்றுகிறது, சொல்லுங்களேன்?